காலி எடை

உத்தங்குடி தாண்டி ரிங் ரோட்டில் அறுபது டன் எடைமேடை.
எனக்கு ராத்திரி ஷிப்ட்.
நாற்காலியின் கைப்பிடி இரண்டையும் அறுத்து எடுத்து
எனக்கென்றே ஒன்று போட்டுத் தந்திருக்கிறார் முதலாளி.
வெங்காயம், சிமெண்டு, மேலூர்க் கல்.
சரக்கோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வந்தால் காலி எடை.
பதினோரு வருசமாக ஒரே கழித்தல்.

மழைக்கு வண்டி வராத ஒரு ராத்திரி
குடையோடு போய் மேடை நடுவில் நானே நின்றேன்.
உள்ளே ஓடிவந்து பார்த்தால் பூஜ்யம்.
பின்னே, நான்தான் இறங்கி வந்துவிட்டேனே.
மறுபடி நின்றபோது கிளீனர் பையன் சன்னல் வழியே கத்தினான்:
நூத்தி இருவதுக்கா!
பத்துப் பத்தாகத்தான் காட்டும் இந்த மிஷின்.
அதற்குக் கீழே கூடுவதும் குறைவதும்
அதற்குத் தெரியாது.

டாக்டருக்குத் தெரிகிறது.
ஆயிரத்தில் ஒருத்தருக்கோ ரெண்டு பேருக்கோ, என்றார்.
அந்த ஒருத்திக்கு எந்த ஊர் என்று கேட்க வாய் வரவில்லை.
கசிவு வரலாம், என்றார்.
ஓட்டு வீட்டில் பிறந்தவளுக்குக் கசிவு தெரியும்,
சட்டி எங்கே வைப்பது என்றும் தெரியும்.
வயிற்றுக்குள் ஒழுகினால் எங்கே வைப்பது?
வெட்டி எடுத்ததுபோக மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவு இருக்கும்மா.
எந்தப் பழம் சார், மொந்தனா, சிறுமலையா?
சிரித்தார்.
வேணாம்னு தோணுனா திருப்பி வைக்க முடியுமா?
அதற்குச் சிரிக்கவில்லை.

எல்லாம் இந்த ஒரு சாண் வயித்துக்குத்தான் என்று
சொல்லிச் சொல்லித்தான் இத்தனை ராத்திரி விழித்தேன்.

திருநகர் ஜெபகனி செய்துகொண்டவள்.
நாற்பத்தியொரு கிலோ போனது.
கூடவே கொத்துக் கொத்தாக முடி போனது,
பாத்திரம் கழுவும்போது கல்யாண மோதிரம் சாக்கடையோடு போனது.
பரங்குன்றத்து மலையில் பாதிவரை நிற்காமல் ஏறினாளாம்,
இருவது வருசத்துக்கு அப்புறம்.
என் எதிரில் அரை இட்லியில் கையை நிறுத்திக்கொண்டு
சாம்பாரையே பார்த்தாள்.
வருத்தமா இருக்காடி?
திங்கக்கிழமை இருக்கும், செவ்வாக்கிழமை இருக்காது.
பசின்னு ஒண்ணு கூடவே கெடந்துச்சு,
அது எங்க போச்சுன்னுதான் தேடுறேன்.

விடிகாலை ஐந்து மணிக்கு மாட்டுத்தாவணியில்
சுக்குத் தூக்கலாகப் பருத்திப்பால்.
நின்ற வாக்கில், ஒரே மூச்சில்.
இதற்காகவா இம்புட்டு யோசனை என்பார்கள்.
ஆமாம், இதற்கும்தான்.

பகலில் தூங்கும்போது எனக்கு மூச்சு நிற்கிறதாம்.
அடுத்த அறையில் தைத்துக்கொண்டிருப்பவர்
மிஷினை நிறுத்திவிட்டு எண்ணுவார்.
இருபதைத் தாண்டினால் வந்து தோளை உலுக்குவார்.
செய் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.
நகைப்பெட்டிச் சாவியை மட்டும்
டிவிக்குப் பக்கத்தில் எடுத்து வைத்திருக்கிறார்.
மூன்று நாளாக அங்கேயே இருக்கிறது.

படிவம் இழுப்பறையில், ரசீதுப் புத்தகத்துக்கு அடியில்.
எட்டுப் பக்கம்.
கடைசியில் 'அனைத்தையும் புரிந்துகொண்டேன்'
என்று எனக்கு முன்னாலேயே அச்சடித்துவிட்டார்கள்.
புரிந்த வரிக்கு மட்டும் பென்சிலால் கோடு போட்டு வருகிறேன்.
இன்னும் மூன்றாம் பக்கம்.

மூன்று மணிக்கு ஒரு வெங்காய லாரி.
காலி எடை ஆர்சி புக்குலயே இருக்குல்லக்கா,
அதைப் பாத்துப் போட்டுவிடுங்க, மறுபடி எதுக்கு அலையணும்?
அது வண்டி புதுசா இருந்தப்ப போட்டதுண்ணே,
இறக்கிட்டு வாங்க.

வீட்டுக்குப் போய்ப் படுத்து எழுந்து
இன்னைக்கு எத்தனை என்று கேட்பேன்.
பதினாறு என்பார்.
மிஷினில் யாருடைய ஜாக்கெட்டோ
பாதித் தையலில் நிற்கும்,
ஊசி துணிக்குள் இறங்கியபடி.